வழுக்கைத் தலைக்கு ஒரு சீப்பு

"ஏழு வருசமா என் தங்கச்சிக்குப் பொங்கல் சீர் அனுப்புதேன் அம்மா. அதுல ஒண்ணைக்கூட அவ வச்சுக்கிட்டதில்ல. இனி என்னத்தக் குடுத்தா அவ வாங்குவா?"

கேட்டவர் ஆவுடையப்பன். தென்காசிக் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்து மூன்று. தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது.

கேட்கப்பட்டவர் அமிர்தவல்லி அம்மை. வயது முப்பத்தெட்டு. பதினொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டு, கழுகுப்பாறை அடிவாரத்தில் ஒரு மடம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். அதிகம் பேசமாட்டார். அதனாலேயே அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

அம்மை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கி வந்தவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க தங்கச்சிக்கு என்ன புடிக்கும்?"

"நல்ல சாமான்னா யாருக்குத்தான் புடிக்காது?"

அம்மை மறுபடி கீரைக்குத் திரும்பிவிட்டார்.

ஆவுடையப்பன் விடவில்லை. நடந்ததை எல்லாம் கொட்டினார்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் போக வேண்டும். அப்பா இருக்கும் வரை அப்பா. அவருக்குப் பிறகு அண்ணன் தம்பி. வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சள் குலை, கரும்பு, பட்டுச் சேலை. அப்பா போனபின் ஆவுடையப்பன் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் வருஷம் நேரில் போனார். அதன் பிறகு கடையில் வேலை அதிகம் என்று வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார். வருஷத்துக்கு வருஷம் வண்டி பெரிதானது.

போன மாதம் தங்கை ஊரான சுரண்டையிலிருந்து அம்மன் கோயில் ஆட்கள் நான்கு பேர் மாலையோடு கடைக்கு வந்தார்கள். மடப்பள்ளிக்கு ஏழு வருஷமாக அள்ளிக் கொடுக்கும் வள்ளலுக்கு மரியாதை செய்ய வேண்டுமாம். நான் எப்போது கொடுத்தேன் என்று இவர் விழித்தார். கோயில் அண்டா, குண்டா, பானை எல்லாவற்றிலும் உங்கள் பேர்தான் இருக்கிறது என்றார்கள். அம்மன் கட்டுவதும் உங்கள் பட்டுதான் என்றார்கள்.

தங்கை உலகம்மாள் வீட்டு வாசலில் இறங்கிய சீர், ஒவ்வொரு வருஷமும் அன்று சாயங்காலமே அப்படியே கோயிலுக்குப் போயிருக்கிறது.

மாலையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? போட்டுக்கொண்டார். கடையில் எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு மட்டும் மாலை கனத்தது.

தங்கைக்குப் போன் செய்தார். அவள் பேசவில்லை. அவள் புருஷன் குத்தாலம்தான் பேசினார். நல்ல மனிதர். சுற்றி வளைத்துத்தான் சொன்னார். ஆனாலும் விஷயம் ஒன்றுதான். இந்த வருஷம் வண்டி வந்தால் கதவைச் சாத்திவிடுவேன் என்று உலகம்மாள் சொல்லிவிட்டாள்.

"தாய் தகப்பன் போயாச்சு. கூடப் பொறந்தவன்னு எனக்கு அவ ஒருத்திதான். இந்தப் பொங்கலுக்குக் கதவ அடைச்சான்னா பெறகு அது தெறக்காது அம்மா. எனக்குத் தெரியும் அவள."

அம்மை காம்புகளை ஒதுக்கினார்.

"மடத்துல பதினோரு பேர் இருக்கோம். கார்த்திகை தீபம் வருது. ஆளுக்கு ஒண்ணு குடுங்க. பெறகு பாப்போம்."

இதென்ன பிரமாதம் என்று எழுந்து போனார் ஆவுடையப்பன். ஊரில் பாதிப் பேருக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்து வியாபாரம் செய்கிறவர் அவர்.

*

தீபத்தன்று பதினோரு எவர்சில்வர் சொம்பு வந்து இறங்கியது. எல்லாம் ஒரே அளவு. நல்ல கனம். கண் கூசும் பளபளப்பு.

சமையல் செய்யும் மாடக்கண்ணுவுக்கு ஒன்று. தோட்டம் பார்ப்பவருக்கு ஒன்று. ஒரு பக்கம் கை கால் விழுந்து படுக்கையில் கிடந்த பெரியவருக்கும் ஒன்று. தண்ணீர் நிறைத்தால் அந்தச் சொம்பை நல்ல கை உள்ளவனே யோசித்துத்தான் தூக்க வேண்டும்.

அம்மை தன் சொம்பைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் எழுத்து வெட்டியிருந்தது.

"இது யார் பேரு?"

"என் பேருதான். குடுக்கவுக பேரத்தான வெட்டணும்? அதான மொறை?"

"அப்ப இது உங்க சொம்பு."

ஆவுடையப்பன் சொம்பை வாங்கி அந்த எழுத்தை ஒருமுறை வாசித்தார்.

அம்மை உள்ளே போனார். ஒரு சிறு பொட்டலத்தோடு வந்தார். உங்களுக்கும் மடத்திலிருந்து ஒன்று கொடுக்க வேண்டுமே என்று இரண்டு கையாலும் நீட்டினார்.

பிரித்தால் உள்ளே ஒரு மரச்சீப்பு. பல் ஒவ்வொன்றும் இழைத்து வழவழவென்று இருந்தது. உயர்ந்த சாமான் என்பது வியாபாரி கண்ணுக்குத் தெரிந்தது.

ஆவுடையப்பன் தன் தலையைத் தடவினார். சீப்பைப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கும்மா சீப்பு?"

"நல்ல சாமான்னா யாருக்குத்தான் புடிக்காது?"

மாடக்கண்ணுதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். படுக்கையில் கிடந்த பெரியவர்கூடச் சிரித்தார். கடைசியில் ஆவுடையப்பனும் சிரித்தார். ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டது.

சீப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அம்மை வாங்கவில்லை.

"இருக்கட்டும். தேவையில்லாமப் போற அன்னைக்குக் குடுங்க."

"இப்பவே தேவையில்லையே."

"இப்பத் தேவை."

அதோடு ஒரு உத்தரவும் போட்டார். தை பிறக்கும் வரை யாருக்கும் ஒன்றும் கொடுக்கக் கூடாது. தினமும் காலையில் மடத்துக்கு வர வேண்டும். உட்கார வேண்டும்.

உட்கார்ந்து என்ன செய்வது என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"பாருங்க," என்றார் அம்மை.

*

முதல் வாரம் அவர் கண்ணுக்குப் பாத்திரம்தான் தெரிந்தது. எந்தக் குண்டா நசுங்கியிருக்கிறது, எந்தப் பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், எந்த மூடி எதற்குச் சேராது. செக்குமாடு எங்கே போனாலும் சுற்றத்தானே செய்யும்.

இரண்டாவது வாரம் பாத்திரங்களைப் பிடித்திருந்த கைகள் தெரிந்தன.

மாடக்கண்ணு பெரிய அண்டாவில் சாம்பார் கிண்டும்போது வில்லாக வளைந்துதான் நிற்பார். கிண்டி முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வார். வயதாகிவிட்டது என்பார். ஆவுடையப்பன் நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் பிடிபட்டது. வயது காரணம் இல்லை. கரண்டிக் காம்பு ஒரு சாண் குட்டை.

யாருக்கும் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு. ஆவுடையப்பன் கொடுக்கவில்லை. கரண்டியைத் திருடினார்.

சாயங்காலம் கடைக்குப் போகும்போது வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போய், காம்பில் ஒரு சாண் ஒட்டுப் போட்டு, அரத்தால் ராவி, மறுநாள் விடிவதற்குள் பழைய ஆணியிலேயே தொங்கவிட்டுவிட்டார்.

அன்று மாடக்கண்ணு நிமிர்ந்து நின்று கிண்டினார்.

கரண்டியை அவர் கவனிக்கவே இல்லை. அம்மை கொடுத்த தைலத்தில் இடுப்பு வலி போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டார். கடித்துக்கொண்டதில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், ஏழு வருஷச் சீர் கொடுத்தபோதும் அவருக்கு அது வந்ததில்லை.

அம்மை சமையல்கட்டைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றார்.

"கரண்டி வளர்ந்திருக்கு."

"மார்கழி மாசம் பனிக்கு வளரும்மா."

"பேர் வெட்டலையா?"

"எடமில்ல."

அம்மை சிரித்ததை அன்றுதான் அவர் முதன்முதலில் பார்த்தார். சிரிப்பு நின்றதும் அம்மை கேட்டார்.

"உங்க தங்கச்சி எப்பிடி நிப்பா?"

ஆவுடையப்பன் தன் தலையைத் தடவினார்.

ஏழு வருஷத்தில் அவளுக்கு என்னென்ன நிறத்தில் பட்டு எடுத்தார் என்று கேட்டால் சொல்லுவார். எந்தப் பானை எத்தனை படி கொள்ளும் என்று கேட்டால் சொல்லுவார். அவள் எப்படி நிற்பாள்? என்ன வேலை செய்கிறாள் என்றாவது தெரியுமா என்று அம்மை கேட்டதற்கு, தைக்கிறாள் என்றார். என்ன தைக்கிறாள் என்றதற்கு, துணி என்றார்.

"போய்ப் பாருங்க. வீட்டுக்குள்ள போகாதீக."

*

உலகம்மாள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. வெளியே ஒரு பெஞ்சு. மேலே கூரை கிடையாது.

ஆவுடையப்பன் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பருக்கு மேலே வழுக்கை பௌர்ணமி போலத் தெரிந்தது. உலகம்மாளின் அண்ணன் வந்து ஒளிந்திருக்கிறார் என்று பத்து நிமிஷத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அவருக்கு மட்டும் தெரியாது.

மார்கழி வெயில்தானே என்று தொப்பி, குடை எதுவும் கொண்டுவரவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்தார்.

முன்னறை ஜன்னல் வழியே அவள் துணி வெட்டும் பலகை தெரிந்தது. பொங்கல் நெருங்கியதால் ஒரே கூட்டம். பெண்கள் ரவிக்கைத் துணியோடு வந்துகொண்டே இருந்தார்கள். உலகம்மாள் நின்றுகொண்டேதான் வெட்டினாள். இடது தோள் கொஞ்சம் தூக்கி நின்றாள்.

கத்திரி இடது கையில் இருந்தது.

அது துணியை வெட்டவில்லை. மென்றது. துணி இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கி மாட்டிக்கொண்டது. அவள் பெருவிரலை வைத்து அழுத்தி அழுத்தி வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கையை உதறினாள். பெருவிரலில் கந்தைத்துணி சுற்றியிருந்தது.

மூன்றாம் நாள் கந்தையை அவிழ்த்து வேறு சுற்றினாள். விரல் கணுவில் கொட்டைப் பாக்கு அளவுக்குக் காய்த்திருந்தது. தெரு தாண்டியும் அது தெரிந்தது.

அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு ஒரு கயிறு நினைவுக்கு வந்தது.

உலகம்மாளுக்கு அப்போது ஏழு வயது. இவருக்குப் பதினொன்று. அவளுக்கு எல்லாம் இடது கைதான். பீச்சாங்கையால் சோறு தின்றால் வீடு விளங்காது என்று அப்பா, சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையை ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னார். கட்டியது இவர். முடிச்சுப் போடுவதில் இவர் கெட்டிக்காரர் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லுவார். ஒரு வருஷம் கட்டினார். அவிழ்க்கவே முடியாத முடிச்சு.

அதன் பின்னாலேயே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்பு, அப்பா போன பிறகு முதல் பொங்கல். சீர்த்தட்டோடு இதே வாசலில் இவர் நின்றார். தெருவே கூடியிருந்தது. உலகம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வந்த சந்தோஷத்தில் இடது கையைத்தான் முதலில் நீட்டினாள். இவர் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு அவள் மணிக்கட்டில் ஒன்று போட்டார். லட்சுமியை வாங்குகிற கையா இது, அப்பா கட்டிப்போட்டும் நீ திருந்தலையே என்றார். தெரு சிரித்தது. இவரும் சிரித்தார். அவள் வலது கையால் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இத்தனை நாளும் அது ஒரு சம்பவம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. தமாஷ் என்று நினைத்திருந்தார்.

டீ ஆறிப்போனது. ஆவுடையப்பன் பேப்பரை இறக்கவில்லை. முகத்தை வைத்துக்கொள்ள வேறு இடம் இல்லை.

*

அம்மையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ஆறுதலாக ஏதாவது வரும் என்று காத்திருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது.

அம்மை எழுந்து வந்து, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அவருடைய வலது கையைத் தூணோடு சேர்த்துக் கட்டினார். முன்னால் இலை போட்டார். சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார்.

"சாப்பிடுங்க."

பந்தியில் மடத்து ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நம்மூரில் பத்துப் பேர் முன்னால் இடது கையால் உண்பது சாமானிய வெட்கம் இல்லை.

முதல் கவளம் வேட்டியில் விழுந்தது. இரண்டாவது மீசையில் போனது. மூன்றாவது கவளம் வாய்க்குப் போனது. ஆனால் விழுங்க முடியவில்லை. ஐம்பத்து மூன்று வயது மனிதர், கடைவீதியில் நான்கு பேருக்குப் பஞ்சாயத்துச் சொல்லுகிறவர், வாயில் சோற்றோடு அழுதார்.

யாரும் சிரிக்கவில்லை. மாடக்கண்ணு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போனார்.

இலை காலியாக ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அம்மை கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தபோது மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. ஆவுடையப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வேளைக்கே இப்பிடி. அவளுக்கு ஒரு வருசம்."

அம்மை துண்டை உதறி அவர் தோளில் போட்டார்.

"என்ன குடுக்கணும்னு இப்பத் தெரிஞ்சு போச்சும்மா. நான்..."

அம்மை விரலை உதட்டில் வைத்தார்.

ஆவுடையப்பன் வாயை மூடிக்கொண்டு எழுந்து, நேராகக் கொல்லன் இசக்கிமுத்துவின் பட்டறைக்குப் போனார்.

*

இடது கைக்குக் கத்திரி என்றதும் இசக்கிமுத்து சிரித்தார். நாற்பது வருஷமாக இரும்படிக்கிறேன், கத்திரிக்கு ஏது இடது வலது என்றார்.

ஆவுடையப்பன் அங்கே கிடந்த தையல்காரர் கத்திரியை எடுத்து வலது கையால் ஒரு துணியை வெட்டிக் காட்டினார். பிடியை அழுத்த அழுத்த இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்கியது. பிறகு இடது கைக்கு மாற்றினார். அதே அழுத்தத்தில் அலகுகள் விலகின. துணி நடுவே போய் மடங்கியது.

இசக்கிமுத்து கத்திரியை வாங்கித் தானும் இடது கையால் வெட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் கத்திரியில் பிடியை மட்டும் மாற்றினார். வெட்டவில்லை. இரண்டாவதில் ஆணியைத் திருப்பி அடித்தார். அதுவும் மென்றது. பொங்கலுக்கு நான்கு நாள்தான் இருந்தது. ஆகாது அண்ணாச்சி, வேறு ஏதாவது நல்லதாக வாங்கிக் கொடுங்கள் என்றார்.

வேறு ஏதாவது நல்லதாகத்தான் ஏழு வருஷம் கொடுத்தேன் என்றார் ஆவுடையப்பன்.

இசக்கிமுத்து யோசித்தார். பிறகு சவரம் செய்யும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி வந்து உலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதற்கு முன்னால் ஒரு நல்ல கத்திரியை வைத்தார். கத்திரியைப் பார்க்காமல், இடம் வலம் மாறித் தெரிந்த கண்ணாடியைப் பார்த்து அடித்தார்.

போகியன்று காலையில் மூன்றாவது கத்திரி தயாரானது. ஆவுடையப்பன் அதை இடது கையில் பிடித்து ஒரு பழைய வேட்டியில் வைத்தார். அவர் வெட்டியது போலவே இல்லை. துணி தானாகவே விலகி வழிவிட்டது போல இருந்தது.

கொல்லனும் வியாபாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டறையில் இருந்த கந்தை ஒன்றுவிடாமல் வெட்டித் தள்ளிவிட்டார்.

கடைக்கு வந்ததும் ஆவுடையப்பன் பேர் வெட்டும் மெஷினை எடுத்தார். முதலாளி அதை இடது கையில் பிடித்திருப்பதைக் கடை ஆட்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

*

பொங்கலன்று காலை. சுரண்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மஞ்சள் பையோடு நடந்தே போனார்.

தெரு முழுக்கக் கோலமும் அடுப்பும் பானையுமாக இருந்தது. உலகம்மாள் வீட்டு வாசலிலும் பானை ஏறியிருந்தது. குத்தாலம் அடுப்புக்குள் ஓலையைத் தள்ளிக்கொண்டிருந்தார். கதவு பாதி சாத்தியிருந்தது.

உலகம்மாள் வாசலுக்கு வந்தாள். அண்ணன் தலைக்கு மேலாகத் தெருக்கோடியைப் பார்த்தாள்.

"வண்டி எங்க?"

"கொண்டாரல."

"பெறகு எதுக்கு வந்தே?"

அக்கம்பக்கத்து வீடுகளில் கரண்டிகள் நின்றுவிட்டன. வருஷா வருஷம் வண்டி வந்த வீட்டுக்கு ஒரு மஞ்சள் பை வந்திருக்கிறது. வேடிக்கை பார்க்க வேண்டாமா?

ஆவுடையப்பன் பைக்குள் கையை விட்டார். கத்திரியை அலகுப் பக்கம் பிடித்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

இடது கையால் நீட்டினார்.

எதிர்வீட்டுக்காரி பதறிப்போனாள். நல்ல நாளும் அதுவுமாகக் கூடப் பிறந்தவளுக்கு யாராவது கத்திரி கொடுப்பார்களா, உறவு அறுந்து போகாதா, அதுவும் இடது கையால் கொடுக்கிறாரே என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ஆவுடையப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"உலகு, அன்னைக்கு முடிச்சுப் போட்டது நாந்தான்."

அவள் தெருக்கோடியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"இந்த வாசல்ல வச்சு அடிச்சதும் நாந்தான். ரெண்டுமே தப்பு. நீட்டின கை நல்ல கை."

பானைக்கு அடியில் ஓலை வெடித்தது.

உலகம்மாளின் வலது கை முன்னால் வந்தது. பழக்கம். பாதியில் நின்றது. அவள் அதை இறக்கினாள். பிறகு இடது கையை நீட்டினாள்.

வாங்கினாள்.

விரல்கள் பிடிக்குள் போயின. பெருவிரலில் காய்த்த இடத்தை இரும்பு தொடவே இல்லை. அவள் ஒரு முறை திறந்து மூடினாள். இன்னொரு முறை. முகம் மாறியது. வெட்டிப் பார்க்கத் துணி தேடினாள். பக்கத்தில் எதுவும் இல்லை. அண்ணன் தோளில் கிடந்த பச்சைக் கரை வைத்த வெள்ளைத் துண்டைச் சட்டென்று உருவினாள்.

ஒரே வெட்டு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிற்காமல் போனது. கோடு போட்ட மாதிரி இரண்டு துண்டு.

உலகம்மாள் சிரித்தாள். பல் தெரிய, வாயை மூடாமல், சின்ன வயதில் சிரித்த அதே சிரிப்பு. கத்திரியைத் தலைக்கு மேலே தூக்கித் தெருவுக்கே காட்டினாள். இடது கையால்தான்.

அந்த நேரம் பார்த்துப் பானை பொங்கி அடுப்பில் வழிந்தது. குத்தாலம் கத்தினார். குலவையை முதலில் எடுத்தவள் எதிர்வீட்டுக்காரிதான். தெரு முழுக்க அது போனது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே உலகம்மாள் அலகைத் திருப்பிப் பார்த்தாள். 'உலகம்மாள்' என்று வெட்டியிருந்தது. வேறு பேர் இல்லை.

"எழுத்து என்னத்துக்கு இப்பிடிக் கோணிக்கிட்டுக் கெடக்கு?"

"எடது கையால வெட்டினேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் தலையைப் பார்த்தாள்.

"மூணு நாளு டீக்கடை வெயில்ல உக்காந்து மண்டை உரிஞ்சு போச்சு பாரு. பேப்பர மொகத்துக்குப் புடிச்சவன் தலைக்குப் புடிக்க வேண்டாமா?"

கதவை முழுக்கத் திறந்து, வெட்டிய துண்டோடு உள்ளே போனாள். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் அவளுக்கு எந்தக் கை வந்ததோ அந்தக் கையால் பரிமாறினாள். ஆவுடையப்பன் மூன்று முறை சோறு வாங்கினார்.

*

இரண்டு நாள் கழித்து ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தார்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாதையில் வரும்போதே பார்த்துவிட்டார். ஆவுடையப்பன் தலையில் ஒரு தொப்பி. வெள்ளைத் துண்டில் தைத்தது. பச்சைக் கரை சுற்றிலும் வரும்படி வைத்துத் தைத்திருந்தது. தலைக்கு அளவெடுத்தது போல உட்கார்ந்திருந்தது. அளவை உலகம்மாள் எங்கே எடுத்தாள்? டீக்கடைப் பேப்பருக்கு மேலே பார்த்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

ஆவுடையப்பன் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார்.

அம்மை கையை நீட்டினார்.

"சீப்பு."

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தார். எந்தக் கையால் வைத்தார் என்று அவரும் பார்க்கவில்லை, அம்மையும் பார்க்கவில்லை.